கார் கியர் பாக்ஸும் எர்ரர் மெசேஜ் தரும்!

கம்ப்யூட்டரில் ஒரு எர்ரர் மெசேஜ் வந்ததுமே ஹார்ட் டிஸ்கை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? அப்பாவின் ஆட்டோமேட்டிக் கார் விஷயத்தில் நாங்கள் ஒப்புக்கொள்ள இருந்தோம். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டது. ஒர்க்ஷாப்பில் பார்த்தவர், "கியர் பாக்ஸ் போச்சு சார், மாத்திடுங்க" என்றார். அவர் சொன்ன தொகைக்கு நல்ல பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம்.

ஒரே கியரில் நிற்பது, விண்டோஸின் சேப் மோட் போன்றது. கியர் பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால் இப்படித் தற்காப்பில் இறங்கும். அதன் சந்தேகம் என்ன என்பதை நம் லேப்டாப்பிலேயே படிக்கலாம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓ.பி.டி. போர்ட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் இது கட்டாயமானது. யு.எஸ்.பி. அடாப்டரை அதில் செருகி, டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் தெரியும் காம் போர்ட் எண்ணை சாப்ட்வேரில் கொடுத்தால் போதும். (மலிவான சாப்ட்வேர்கள் சில இன்ஜின் விவரத்தோடு நின்றுவிடும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.)

எங்களுக்குக் கிடைத்த கோட் பி0842. கியர் ஆயிலின் பிரஷர் சென்சாரிலிருந்து வரும் மின்சிக்னல் மிகக் குறைவு என்று அர்த்தம். கவனியுங்கள், சென்சார் கெட்டுவிட்டது என்றோ கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்றோ அது சொல்லவில்லை. பி0841 வந்திருந்தால் சிக்னல் வருகிறது, ஆனால் அளவு பொருந்தவில்லை என்று பொருள். அப்போது ஆயில் குறைவு, பில்டர் அடைப்பு என்று வேறு பக்கம் தேட வேண்டும். கோடை எழுதி வைக்காமல் அழித்துவிடாதீர்கள்!

இன்ஜின் ஓடும்போது திரையில் பிரஷர் பூஜ்யம் என்றே காட்டியது. இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. உண்மையிலேயே பிரஷர் பூஜ்யம் என்றால் கிளட்ச் பிடிக்காது, கார் நகரவே நகராது. எங்கள் கார் ஓடித்தானே வீடு வந்தது? ஆகவே பொய் சொல்வது சிக்னல்.

தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம். முதலில் ஆயில் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டர் வைத்தார். மூன்று வயர்களில் ஒன்றில் 5 வோல்ட் வந்தது, எர்த் வயரும் சரி. சிக்னல் பின் மட்டும் பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் திரையில் எண் வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறியது.

அப்படியும் பூஜ்யம்தான் என்றால் அடுத்து வயர், அதன் பிறகு சென்சார். ஆயில் பிரஷரை நேரடியாக கேஜ் வைத்து அளப்பது ஒர்க்ஷாப் வேலை. அந்த அளவும் குறைவாக வந்தால் மெக்கானிக் சொன்னது சரி என்று ஏற்கத்தான் வேண்டும்.

கோடை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டினோம். விளக்கு மறுபடி எரியவில்லை. அப்பா மட்டும் இன்னும் தினமும் ஒரு முறை டேஷ்போர்டைக் குனிந்து பார்க்கிறார்.