அழுகாத அப்பமும் அலறும் அச்சமும்



ரெட்டியார்பாளையத்துத் தேநீர்க் கடையொன்றிலே, சென்ற வாரம், பட்டறை வேலை முடிந்து வந்த தோழர் ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்கண்ணே! பத்து வருஷமாச்சாம், இந்த பர்கர் அப்படியே இருக்கு! பூஞ்சை இல்லை, புழு இல்லை! பிளாஸ்டிக்கைத்தான் அரைச்சுப் போடுறான்!" என்றார். "எறும்புகூடத் தொடாதாம்" என்றார் இன்னொருவர். "பிணத்துக்கு ஏத்துற மருந்தாம்" என்றார் மூன்றாமவர். தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்!

படம் பொய்யன்று. ஐஸ்லாந்து நாட்டில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் 2009 அக்டோபர் கடைசியில் மூடப்பட்டன. அப்போது ஒருவர் பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி, தின்னாமல் எடுத்து வைத்தார். மூன்றாண்டு கழித்துப் பார்த்தார், பெரிய மாற்றமில்லை! அந்த பர்கர் அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் வரை போய், பிறகு தங்கும் விடுதியொன்றில் கண்ணாடிப் பேழைக்குள் கொலுவீற்றிருந்தது. அரசர்க்கும் கிட்டாத வாழ்வு!

நடந்தது மெய். காரணம் சொன்னார்களே, அது மெய்யா? 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கரண்டியும் கையுமாக வரிசையில் நின்றது நாடு. கரண்டியில் பால் குறைந்தது உண்மைதான். குடித்தவர்தான் பிள்ளையார் அல்லர்! கண்டதை நம்பு, ஆனால் காரணத்தைத் தேடு என்று மேடைதோறும் முழங்கிய நாமே, கைப்பேசியில் வந்தால் மட்டும் கைகட்டி நிற்பதா?

உங்கள் வீட்டு அடுக்களைக்குப் போங்கள். பரணில் தொங்கும் கருவாடு அழுகுகிறதா? அப்பளமும் வற்றலும் வடகமும் புழுக்கின்றனவா? ஆட்டிறைச்சியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்த உப்புக்கண்டத்தை நம் பாட்டிமார் மாதக்கணக்கில் வைத்திருந்து வறுத்துப் போட்டார்களே, அவர்கள் என்ன அமெரிக்காவிலிருந்து மருந்தா தருவித்தார்கள்? ஈரம் போயிற்று; அழுகல் நின்றது. அவ்வளவுதான்! நுண்ணுயிரியும் பூஞ்சையும் நம்மைப்போல நீரின்றி வாழமாட்டா. எகிப்து மன்னர்களின் உடலையும் உப்பிட்டு நீரை உறிஞ்சித்தான் காத்தார்கள்.

பர்கரில் உள்ள இறைச்சி வில்லை மெல்லியது. சுடுகல்லில் வேகும்போதே கிருமி மடிகிறது, நீர் ஆவியாகிறது. அடையும் சிறியது. காற்றாட வைத்தால் பூஞ்சை முளைக்குமுன் காய்ந்துவிடுகிறது. 2010-இல் கெஞ்சி லோபஸ்-ஆல்ட் என்னும் அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் இதைச் சோதித்தார். கடை பர்கரையும், அதே அளவில் தாமே செய்த பர்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வீட்டில் செய்ததும் அழுகவில்லை! கடை பர்கரையே ஈரம் வெளியேறாத உறைக்குள் மூடியபோது, ஒரே வாரத்தில் பூஞ்சை படர்ந்தது. ஐஸ்லாந்து வரை போவானேன்? நம் உழவர்கரையில், ஐப்பசி அடைமழையில், பொரித்த அப்பளம் அரை மணியில் நமுத்துப் போகும் கடற்காற்றில், ஒரு பர்கரைச் சோற்று டப்பாவில் மூடிவைத்துப் பாருங்கள், மானம் கப்பலேறும்!

கம்பெனிக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ரொட்டி பூஞ்சை பிடிக்காதிருக்கக் கால்சியம் புரோப்பியனேட் சேர்ப்பது உண்டு. பாக்கெட் ரொட்டிகள் பலவற்றில் அது இருக்கிறது, உறையைப் படித்தால் தெரியும். 2020-இல் பர்கர் கிங் கம்பெனி பூஞ்சை பூத்த பர்கரையே விளம்பரமாகப் போட்டு, எங்கள் சரக்கு அழுகும், ஆகவே நல்லது என்று காசு பண்ணப் பார்த்தது. அழுகாததும் வியாபாரம், அழுகுவதும் வியாபாரம்! உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டத்தை அன்றாடம் தின்றால் உடல் கெடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பர்கரைக் குறை சொல்ல இது போதாதா? பிளாஸ்டிக் கதை எதற்கு?

அந்தக் கதையில் இன்னொரு கேடும் உண்டு. அழுகாததைக் கண்டு நடுங்குகிறவன், அழுகுவதைக் கண்டு அஞ்சுவதில்லை! 2022 மே மாதம், கேரளத்துச் செறுவத்தூரில் ஷவர்மா தின்ற பள்ளி மாணவி மாண்டாள். ஷிகெல்லா என்னும் கிருமி என்று கண்டறிந்தார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஷவர்மா தின்றபின் உயிரிழந்தாள். காய்ந்துபோன பண்டமா அது? ஈரமும் கொழுப்பும் நிறைந்த இறைச்சி! உள்ளே சரியாக வேகாமலும், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தும் போனால், அங்கே கிருமி குடும்பம் நடத்தும். பச்சை முட்டையில் அடித்த மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டதும் இதனால்தான். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும், மணமும் மாறியிராது. ஆனால் ஆளைக் கொல்லும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, படம் காட்டிய தோழர் பேசாமல் தம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடியில் ஒரு பொட்டலம் தொங்கியது.

"என்ன தோழர் அது?"

"பொண்ணுக்கு ஷவர்மாண்ணே. ஆசையா கேட்டுச்சு."

"எப்ப வாங்கினது?"

"மதியச் சாப்பாட்டு நேரத்துல. அப்புறம் கடையில கூட்டமாயிடும்னு..."

மணி அப்போது ஏழு. அவர் எழுந்து போய்ப் பொட்டலத்தை அவிழ்த்தார், முகர்ந்து பார்த்தார். "வாடை ஒண்ணுமில்லையேண்ணே" என்றார். பிறகு அவரே அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.