இஃபா குறிப்பலகை

ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பற்றிய படநூல் ஒன்றைப் புரட்டியபோது ஒரு வட்ட மரப்பலகை கண்ணில் பட்டது. விளிம்பு முழுவதும் அழகிய செதுக்கு வேலை, நடுவிடமோ வெறுமை. சிற்பி ஏன் பாதியில் விட்டான் என்று எண்ணினேன். அவன் விடவில்லை என்பது பின்னரே புரிந்தது.

நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதையடுத்த பெனின் நாட்டிலும் வாழும் யொரூபா மக்களின் குறிமுறைக்கு 'இஃபா' என்று பெயர். குறி சொல்பவர் 'பாபலாவோ'. அவர் முன் வைக்கும் பலகைதான் இது. விளிம்பில் அகன்ற கண்களுடன் தோன்றும் முகம், தெய்வங்களுக்கும் மாந்தருக்கும் இடையே தூது செல்லும் எஷுவினுடையது. நடுவிடத்தில் கறையான் அரித்த மரத்தூளைப் பரப்புவர். அது எழுதும் இடம்!

எழுதும் முறை சுவையானது. பாபலாவோ 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகளை ஒரு கையில் வைத்து, மறு கையால் ஒரே பிடியாக அள்ளுவார். ஒன்று எஞ்சினால் தூளில் இரண்டு கோடு. இரண்டு எஞ்சினால் ஒரு கோடு. வேறு எண்ணிக்கையானால் மீண்டும் அள்ள வேண்டும். இவ்வாறு எட்டு முறை குறித்ததும், நான்கு நான்காக இரு வரிசைகள் அமையும். வரிசைக்கு 16 வகையாக மொத்தம் 256 வடிவங்கள். கணித மாணவர்களுக்கு இரும எண்கள் நினைவுக்கு வரலாம். ஒவ்வொரு வடிவத்துக்கும் செய்யுட்கள் பல, அத்தனையும் மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல, தம் நிலைக்குப் பொருந்துவதைக் குறி கேட்க வந்தவரே தெரிந்தெடுக்கிறார்.

ஞானத் தெய்வமான ஒருன்மிலாவை அழைக்கப் பலகையைத் தட்டும் கோல் 'இரோகே'. தந்தத்தாலான கோல்களில் மண்டியிட்ட பெண்ணுருவைப் பெரிதும் காணலாம். கொட்டைகளை வைக்கும் கிண்ணம் 'அகெரே'. அதைத் தாங்கி நிற்கும் குதிரை வீரனின் உருவம் எவ்வளவு அழகானாலும், புனிதம் என்னவோ உள்ளே கிடக்கும் கொட்டைகளுக்குத்தான்.

இப்பொருள்கள் ஐரோப்பாவுக்குச் சென்றது நேற்று இன்றல்ல. வைக்மன் என்ற ஜெர்மானிய வணிகரின் சேகரிப்புப் பட்டியல் 1659-இல் அச்சானபோதே ஒரு பலகை அதில் இருந்தது. யொரூபா நாட்டுக்கு மேற்கேயுள்ள அல்லடாவிலிருந்து சென்ற அது, ஊல்ம் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கண்ணாடிப் பேழைக்குள் தூளும் இல்லை, தட்டும் ஓசையும் இல்லை. 2005-இல் யுனெஸ்கோ மனிதகுல மரபாக அறிவித்தது மரச்சிற்பத்தை அன்று; குறிமுறையையும் அதன் செய்யுட்களையும்தான்.

அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட யொரூபா மக்கள் இச்செய்யுட்களை நெஞ்சில் சுமந்து சென்றனர். கியூபாவில் இன்றும் பாபலாவோக்கள் உள்ளனர். அங்குள்ள பலகைகள் பலவற்றில் செதுக்கு வேலை மிகக் குறைவு.