மதுரை வீதிகளில் ஒரு நாள்

நம் சங்கத்தைச் சேர்ந்த மொத்த வியாபாரிகள் ஐந்து பேர், சென்ற மாதம் ஒரு புதன்கிழமை கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மதுரைக்குச் சென்று வந்தோம். கொள்முதலுக்காக எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஊர் பார்க்கவென்று போனது இதுவே முதல் தடவை. நம் பஜாரை ஊருக்கு வெளியே மாற்றலாமா என்ற பேச்சு அடிபடும் இந்த நேரத்தில், அங்கே இடம் மாறிய கடைகள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதும் எங்கள் எண்ணம்.

பலசரக்கென்றால் கீழமாசி வீதி, நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, பாத்திரத்துக்கு வெங்கலக்கடைத் தெரு என்பது அன்பர்கள் அறிந்ததே. ஒரு கடையில் இல்லாத சரக்கு பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்ற தைரியத்தில்தான் வெளியூர்க்காரர் பணத்தோடு வருகிறார். எதிர்க்கடைக்காரரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் கீழமாசி வீதியில் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம்.

வெளி வீதிகள் இருக்குமிடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன், சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த மனை என்று சொல்லி வேலையை முடித்தார். அவர் நினைவாக நிற்பதே விளக்குத்தூண். அந்த வேலையில் இருந்த மேஸ்திரியின் பெயரும் பெருமாள் மேஸ்திரி வீதியாக நிலைத்துவிட்டது. விளக்குத்தூண் அருகில் ஜிகர்தண்டா சாப்பிட்டோம். சர்க்கரை வியாதி உள்ள நண்பர் மட்டும் வேடிக்கை பார்த்தார், பாவம்.

திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் இருந்த தையல், வளையல், புத்தகக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. கள்ளழகர் திருவிழா உடைகளைத் தைத்த தையற்காரர்கள் இருந்த இடம் அது. சிற்பங்களுக்கு நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கோயிலுக்கு வந்தவர் அப்படியே உள்ளே நுழைந்து வாங்கியது போய், இப்போது தேடி வர வேண்டியிருக்கிறது. "பழைய வாடிக்கை வருகிறது, புது ஆள் வருவதில்லை" என்றார் ஒரு கடைக்காரர்.

காய்கறி மொத்த வியாபாரத்தின் கதை வேறு. சென்ட்ரல் மார்க்கெட் இருந்த வடக்கு ஆவணி மூல வீதியில் இப்போது அடுக்குமாடி வாகன நிறுத்தம் நிற்கிறது. மாட்டுத்தாவணிக்குப் போன வியாபாரிகள் கூட்டமாகப் போனார்கள். பஸ் நிலையம் பக்கத்தில், லாரி வந்து திரும்ப இடமும் இருக்கிறது. கண்ணுக்கெதிரே ஆள் வந்து வாங்கும் சில்லறைக் கடைக்கும், மூட்டை கணக்கில் அனுப்பும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. மாறினால் எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டும். பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே என்றால் இரண்டு இடமும் படுத்துவிடும் என்பது எங்கள் ஐவரின் கருத்து.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாட்டுத்தாவணியில் வியாபாரம் ஓய்ந்துவிட்டது. சரக்கு இறங்கும் விடியற்காலை நேரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். பொதுக்குழுவுக்கு முன் மீண்டும் போவதாக உள்ளோம். உடன் வர விரும்பும் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். இரவு 2 மணிக்கு வேன் புறப்படும்.