பழைய கேஸை எரித்தால் என்ன ஆகும்?

வல்லார்பாடத்தில் 2011 பிப்ரவரியில் பெட்டக முனையம் திறந்த பிறகு 'ரீஃபர்' என்ற சொல் நம்மவர் வீடுகளிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. உறைந்த இறாலும் மீனும் கப்பலேறும் குளிர்பெட்டகம்தான் அது. நான் குளிர்பதன வேலையில் இருப்பவன் என்பதால் சங்க அன்பர்கள் கேட்பதுண்டு: "பழைய மெஷினிலிருந்து எடுத்த கேஸை எரிக்கிறார்களாமே, அந்தப் புகை நமக்குக் கெடுதல் இல்லையா?" நியாயமான கேள்விதான்.

முதலில், எரிக்காமல் காற்றில் விட்டால் என்ன? ரீஃபர்களில் அதிகம் காணப்படும் ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பழைய பிரிட்ஜுகளின் ஆர்-12 இதைவிடப் பொல்லாதது, ஓசோனையும் அழிப்பது. அதனால்தான் இந்தியாவில் குளிர்பதனத்துக்கான அதன் உற்பத்தி 2008இல் நிறுத்தப்பட்டது.

எடுத்த கேஸ் சுத்தமாக இருந்தால் வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். பல ரகங்கள் ஒரே சிலிண்டரில் கலந்துவிட்டால் அது பெரும்பாலும் உதவாது. கலப்படம் எவ்வளவு ஆபத்து என்பதை 2011இல் உலகம் பார்த்தது. மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் ஏற்றிய ரீஃபர்கள் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

உதவாத கேஸை அழிக்கும் வழிகளில் ஒன்று எரியுலை. சாதாரணத் தீயில் இது முழுதாகச் சிதையாது. சுமார் 1,100 டிகிரிக்கு மேல் குறைந்தது இரண்டு விநாடி நிற்க வேண்டும். அப்போது ஒரு கிலோ ஆர்-134ஏ உடைந்து ஏறக்குறைய 0.86 கிலோ கரியமில வாயுவும் 0.78 கிலோ ஹைட்ரஜன் ஃபுளோரைடும் தரும். ஆர்-12 ஆனால் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்து வரும். இரண்டுமே கடும் அமிலங்கள். அதனால் புகையைச் சட்டென்று குளிர்வித்து, சுண்ணாம்பு அல்லது காஸ்டிக் சோடா கரைசலால் கழுவுகிறார்கள். மெதுவாகக் குளிர்ந்தால், ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரிக்குள் டையாக்ஸின் என்ற நச்சு உருவாகக்கூடும். மான்ட்ரியல் உடன்படிக்கையின் நிபுணர் குழு டையாக்ஸினுக்கு ஒரு கன மீட்டரில் 0.2 நானோகிராம் என்று வரம்பும், அழிக்கும் திறன் 99.99 விழுக்காடு என்ற அளவும் பரிந்துரைத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோ ஆர்-134ஏ காற்றில் போனால் 1,430 டன் கரியமில வாயுவுக்குச் சமம். முறையாக எரித்தால் தப்புவது 100 கிராம், அதாவது 143 கிலோவுக்குச் சமம். எரிவதால் வரும் கரியமில வாயு 0.86 டன். உலைக்கான எரிபொருளைத் தனியே கூட்டினாலும் எரிப்பதே லாபம்.

ஆனால் இதில் பணம் புகுந்த கதையும் உண்டு. ஆர்-22 தயாரிக்கும்போது கழிவாக வரும் எச்எஃப்சி-23 என்ற வாயு, ஆர்-134ஏயைவிடப் பல மடங்கு வெப்பமூட்டுவது. அதை எரித்தால் கார்பன் வரவு கிடைக்கும் என்ற ஐ.நா. திட்டத்தில் குஜராத், ராஜஸ்தான் ஆலைகளோடு நம் மேட்டூர் ஆலையும் இடம்பெற்றது. எரித்துக் கிடைக்கும் வருமானத்துக்காகவே கழிவை அதிகம் உண்டாக்கத் தூண்டும் என்ற விமர்சனம் உலகெங்கும் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அந்த வரவுகளை ஏற்பதை நிறுத்தியது. 2016 அக்டோபரில் இந்திய அரசு, ஆலைகள் தம் செலவிலேயே எரிக்க வேண்டும் என உத்தரவிட்டது. கழிவைத் தந்தவனே அதைத் தீர்க்க வேண்டும் என்பது சரியான முறைதான்.

நம் வீட்டுக்கும் இதில் பங்குண்டு. உலைக்குப் போய்ச் சேரும் கேஸைத்தான் உலை அழிக்க முடியும். குழாயை அறுத்ததும் பறந்த கேஸை யாராலும் பிடிக்க முடியாது. பழைய ஏசியை இங்குள்ள ஆக்ரிக் கடைக்குப் போடுமுன், கேஸைச் சிலிண்டரில் எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ரகம் மாறாமல் தனிச் சிலிண்டரில் எடுக்கச் சொல்லுங்கள். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் தீ காட்ட விடாதீர்கள். ஆர்-22 தீயில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். கூடுதலாகக் கொடுக்கும் அந்தக் கூலி வீண் செலவல்ல.