ஸ்ரீரங்கத்துல மைனஸ் 40 டிகிரி: பழைய காரோட எரர் கோட் என்ன சொல்லுது?

(எபிசோட் பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கு.)

போன மார்கழி, வைகுண்ட ஏகாதசி சமயம். ஸ்ரீரங்கத்துல உத்திர வீதிப் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த நாட்கள்ல காரை வெளியே எடுக்க மனசே வராது. அப்பாவோட 2012 மாடல் பெட்ரோல் காரும் பத்துப் பன்னிரண்டு நாள் நின்ன இடத்துலயே நின்னுச்சு. கூட்டம் குறைஞ்சதும் அப்பா ஸ்டார்ட் பண்ணார். மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிஞ்சது, அணையவே இல்ல. காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓட்டிட்டு வந்தவர், சாவியைக் கொக்கியில மாட்டிட்டு, "வித்துடலாம்டா"ன்னார்.

அடுத்த நாள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஸ்கேனர் போட்டாங்க. "பி 0113 சார். சென்சர் போயிடுச்சு, மாத்தணும்." லேபரோட சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். அப்பா விக்கிற முடிவுல இன்னும் உறுதியாயிட்டார்.

எனக்குத்தான் உறுத்துச்சு. நான் ஆபீஸ்ல தினமும் எரர் லாக் படிக்கிற ஆள். லாக்ல 'டேட்டாபேஸ் கனெக்ஷன் டைம்அவுட்'னு வந்தா, உடனே டேட்டாபேஸைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவோமா? நெட்வொர்க்கா, பாஸ்வேர்டா, டிஸ்க்கான்னு தேடுவோம். காரோட எரர் கோடும் அதே மாதிரி ஒரு புகார்தான். தீர்ப்பை நாமதான் விசாரிச்சு எழுதணும். இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தி.

உங்க வண்டி பேசுமா?

இந்த ஏற்பாட்டுக்குப் பேரு ஓ.பி.டி. வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர், அதாவது ஈ.சி.யூ., தன்னைத் தானே சோதிச்சுக்கிட்டு தப்பைக் குறிச்சு வைக்கிற முறை. புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கலிபோர்னியாவுல 1988 மாடல் வண்டிகள்ல ஆரம்பிச்சது. 1996-ல அமெரிக்கா முழுக்க எல்லாப் புதுக் கார்லயும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், ஒரே மாதிரி கோட்னு ஆச்சு.

இந்தியாவுல இது பி.எஸ். 4 விதிகளோட சேர்ந்து வந்தது. 2010 ஏப்ரல்ல முதல் கட்டம், 2013 ஏப்ரல்ல ரெண்டாம் கட்டம். ஆனா இங்க திருச்சிக்காரங்க ஒண்ணைக் கவனிக்கணும். 2010-ல பி.எஸ். 4 வந்தது 13 நகரங்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டுல சென்னை மட்டும். நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரல்ல. அதனால 2011, 2012-ல திருச்சியில வாங்கின வண்டி பி.எஸ். 3-ஆ இருக்கவும் வாய்ப்பு உண்டு. நிறைய கம்பெனிகள் எல்லா ஊருக்கும் பி.எஸ். 4 வண்டியையே குடுத்தாங்க, அதுவும் உண்மை. வருஷத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாம, ஸ்டியரிங்குக்குக் கீழ குனிஞ்சு சாக்கெட் இருக்கான்னு பாருங்க. சாக்கெட் இருந்தும் பேசாத வண்டிகளும் உண்டு. சில கம்பெனிகள் தங்களோட தனி மொழியில பேசும்.

கார்புரேட்டர் வச்ச பழைய மாருதி 800, அம்பாசடர்? அதுல ஈ.சி.யூ.வே கிடையாது, காதும் மூக்கும்தான் ஸ்கேனர். நடுவுல வந்த சில ஜப்பானிய டிசைன் வண்டிகள்ல, டயக்னாசிஸ் கனெக்டர்ல குறிப்பிட்ட ரெண்டு பின்னை இணைச்சா செக் இன்ஜின் விளக்கே சிமிட்டி நம்பர் சொல்லும். ஒரு சிமிட்டல், இடைவெளி, ரெண்டு சிமிட்டல்னா 12. எந்தப் பின்னுன்னு உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல்ல பார்க்காம வயரைச் சொருகிடாதீங்க.

என்ன வேணும்?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் ஒண்ணு, ஒரு போன், ஒரு ஆப். அடாப்டர் பெட்டியில 'இ.எல்.எம். 327'னு போட்டிருக்கும். அது ஒரு கனடா கம்பெனியோட சிப் பேரு. மார்க்கெட்ல சுத்துறது பெரும்பாலும் அதோட நகல்கள்தான். நகல்கள்ல சிலது புது வண்டிகளோட 'கேன்' மொழியை மட்டும் பேசும், பழைய 'கே-லைன்' மொழி தெரியாது. பழைய வண்டிக்கு வாங்கும்போது ரிவ்யூவுல உங்க மாடல் பேரைத் தேடிப் பாருங்க. ஐபோன்னா வைஃபை அல்லது புளூடூத் எல்.ஈ. அடாப்டர் வேணும்.

இன்ஜின் ஆஃப், அடாப்டரைச் சொருகி, சாவியை 'ஆன்' வரைக்கும் திருப்புங்க. டார்க், கார் ஸ்கேனர் மாதிரி ஒரு ஆப்ல கனெக்ட் பண்ணி 'ஃபால்ட் கோட்' படிங்க. வர்றதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'னு ஒண்ணு இருந்தா அதையும் எடுங்க. தப்பு நடந்த நொடியில வண்டி என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடுன்னு சொல்ற ஸ்னாப்ஷாட் அது. முடிச்சதும் அடாப்டரைக் கழட்டிடுங்க. நாள்கணக்கா நிக்கிற வண்டியில விட்டா பேட்டரியைக் குடிச்சிடும்.

அஞ்சு எழுத்தைப் பிரிச்சா

பி 0113-ல முதல் எழுத்து 'பி', இன்ஜின், கியர் பக்கம். பாடி, சேசிஸ், நெட்வொர்க்குக்கு வேற எழுத்துகள். அடுத்த பூஜ்யம், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட்னு அர்த்தம். அந்த இடத்துல 1 வந்தா அந்தக் கம்பெனியோட சொந்தக் கோட், அர்த்தத்தை அவங்க மேனுவல்லதான் தேடணும். அடுத்த 1, காற்றும் பெட்ரோலும் கலக்கிற பகுதி. அங்க 3 வந்தா இக்னிஷன். கடைசி ரெண்டு நம்பர் குறிப்பிட்ட புகார்.

பி 0113-ஓட முழு அர்த்தம், 'உள்ளே போற காற்றின் வெப்பநிலை சென்சர், சர்க்யூட்ல வோல்டேஜ் அதிகம்.' நல்லாப் பாருங்க. 'சென்சர் கெட்டுப்போச்சு'ன்னு அதுல எங்கேயும் இல்ல. 'சர்க்யூட்'னுதான் இருக்கு. சர்க்யூட்னா சென்சர், கனெக்டர், வயர், ஈ.சி.யூ. எல்லாம் சேர்த்து.

மைனஸ் 40

ஆப்ல லைவ் டேட்டா திறந்தேன். உள்ளே போற காற்றோட வெப்பநிலை: மைனஸ் 40 டிகிரி. ஸ்ரீரங்கத்துல! மார்கழிதான், ஆனா அவ்வளவு மார்கழி இல்ல.

இந்த நம்பர் எங்கேருந்து வருது? அந்தச் சென்சர் ஒரு தெர்மிஸ்டர். குளிர் கூடக் கூட அதோட ரெசிஸ்டன்ஸ் கூடும். ஈ.சி.யூ. ஒரு பக்கத்துலேருந்து 5 வோல்ட் அனுப்பி, நடுவுல எவ்வளவு மிச்சம்னு பார்த்து வெப்பநிலையைக் கணக்குப் போடும். வயர் அறுந்தா ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாம போயிடும். ஈ.சி.யூ.வுக்கு அது 'தாங்க முடியாத குளிர்'. ஓ.பி.டி. கணக்குல வெப்பநிலை ஒரே ஒரு பைட்தான், வர்ற எண்ணுலேருந்து 40-ஐக் கழிக்கணும். எண் பூஜ்யம்னா மைனஸ் 40. அதாவது அது வெப்பநிலையே இல்ல, 'எனக்கு ஒண்ணும் தெரியல'ங்கிறதோட இன்னொரு வடிவம்.

அடுத்து ஒரு சின்ன சோதனை. எங்க வண்டியில அந்தச் சென்சர் ரெண்டே வயர் உள்ளது. இன்ஜின் ஆஃப்ல கனெக்டரைக் கழட்டி, வயர் பக்கத்து ரெண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால இணைச்சேன். வயரிங் சரியா இருந்தா ரீடிங் உச்ச சூட்டுக்குப் பாயணும், அப்போ சந்தேகம் சென்சர் மேல. எனக்கு மைனஸ் 40 அசையவே இல்ல. ஆக, பழி வயர் மேல. இந்தச் சோதனை ரெண்டு வயர் வெப்பநிலை சென்சருக்கு மட்டும்தான். மூணு, நாலு வயர் இருந்தா கை வைக்காதீங்க.

வயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னாடி, எலி கடிச்சு ஒரு வயர் துண்டாகி இருந்துச்சு. பத்து நாள் அசையாம நின்ன வண்டி, சுத்தியும் அன்னதான சாப்பாட்டு வாசனை. எலிக்கு அது சத்திரம். பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சாலிடர் வச்சு, ஸ்லீவ் போட்டுக் குடுத்தார். 250 ரூபாய். ரீடிங் 31 டிகிரிக்கு வந்துச்சு.

எல்லாக் கோடும் இப்படித்தான். பி 0301 வந்தா முதல் சிலிண்டர் சரியா எரியல. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரான்னு கோட் சொல்லாது. தனித்தனி காயில் இருக்கிற வண்டின்னா, முதல் காயிலை ரெண்டாவதோட மாத்திப் போடுங்க. கோட் பி 0302-ஆ மாறினா காயில்தான் குற்றவாளி. ஒரு எச்சரிக்கை: விளக்கு நிலையா எரியாம சிமிட்டினா ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காலி பண்ணிடும்.

அழிக்கிற பட்டன்

ஆப்ல 'கிளியர்'னு ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினா விளக்கு அணையும், ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போயிடும். ரிப்பேருக்கு முன்னாடி அமுக்கினா சாட்சியை நாமே அழிக்கிறோம்.

இதே பட்டனை பழைய கார் விக்கிறவங்களும் அமுக்கலாம். தில்லைநகர்ல நண்பனுக்காக 2014 மாடல் ஒண்ணு பார்க்கப் போனோம். விளக்கு இல்ல, கோட் இல்ல, பளபளன்னு இருந்துச்சு. ஆப்ல 'ரெடினஸ் மானிட்டர்' பக்கம் திறந்தா, முக்கால்வாசி 'முடியவில்லை'. கோடை அழிச்சா வண்டி தன் சோதனைகளை முதல்லேருந்து தொடங்கணும், அதுக்குப் பல ட்ரிப் ஆகும். பேட்டரி கழட்டி மாட்டினாலும் இப்படிக் காட்டும், அதனால ஏமாத்துறாங்கன்னு சொல்லிட முடியாது. "ஒரு வாரம் ஓட்டுங்க, திரும்ப வந்து பார்க்கிறோம்"னு சொல்லிட்டு வந்தோம். அப்புறம் அவங்க போன் எடுக்கல.

அப்பா வண்டி? இப்பவும் தினம் பாலம் தாண்டுது. வித்துடலாம்ங்கிற பேச்சு நின்னுபோச்சு. ஆனா கொஞ்ச நாள் நின்னா போதும், பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சு எலி வந்துச்சான்னு பார்க்கிறார். உங்க வண்டி ஏதாவது புகார் சொல்லிட்டு இருந்தா, கோடும் மாடலும் வருஷமும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்ந்து விசாரிப்போம்.