பெயரும் பணியும்

விமானத்தில் ஏறி அமர்ந்து இருக்கைப் பட்டையைப் பூட்டிக்கொண்டதும் நம் செவியில் முதலில் விழுவது வரவேற்புரை. தலைமை விமானியின் பெயர் இன்னது, துணை விமானியின் பெயர் இன்னது, பணிக்குழுத் தலைவியின் பெயர் இன்னது என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. அப்பெயர்களைச் செவி கொடுத்துக் கேட்பவர் சிலர். இறங்கும் வரையில் நினைவில் வைத்திருப்பவர் அவரினும் சிலர். நானும் நெடுங்காலம் அவற்றைக் கேளாதவர் கூட்டத்திலேயே இருந்தவன்தான். இரண்டு நிகழ்ச்சிகள் என்னை அக்கூட்டத்திலிருந்து வெளியே இழுத்தன. அவற்றைச் சொல்லிவிட்டு, அவற்றிலிருந்து எழும் வினாவை ஆராய விரும்புகிறேன். விமானப் பணியாளர் தம் பெயரைப் பயணிகளுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதே அவ்வினா.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அழைத்துக்கொண்டு தில்லியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். நடுவானில் அவர்களுக்கு மூச்சுத் திணறியது. நான் செய்வதறியாது திகைத்தேன். பணிப்பெண் ஒருவர் விரைந்து வந்து, உயிர்வளிக் குப்பியைக் கொணர்ந்து முகமூடியைப் பொருத்தி, நடைவழியிலேயே மண்டியிட்டு அமர்ந்து, தாயாரின் கையைப் பற்றிக்கொண்டார். விமானம் தரையிறங்கப்போகிறது என்ற அறிவிப்பு வரும் வரையில் அக்கையை அவர் விடவில்லை. வீடு வந்து சேர்ந்த பின், “அந்தப் பெண்ணின் பெயர் என்ன?” என்று தாயார் கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை. நன்றிக் கடிதம் எழுத அமர்ந்தேன். ஒரே நிறச் சீருடை உடுத்த நால்வருள் ஒருவர் என்பதன்றி எழுதுவதற்கு எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அன்றே, பணியாளர் ஒவ்வொருவரும் தம் முழுப் பெயரை மார்பில் அணிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அம்முடிவு ஓராண்டுகூட நிலைக்கவில்லை. என் தமையனார் மகளும் ஒரு விமான நிறுவனத்தில் பணிபுரிபவள். அவள் மார்பிலே முழுப் பெயர் பொறித்த வில்லை ஒன்று இருந்தது. ஒருநாள் அவ்விமானத்தில் வந்த பயணி ஒருவன் அப்பெயரைப் படித்துக்கொண்டான். அன்றிரவே சமூக வலைத்தளங்களில் தேடி அவளைக் கண்டுபிடித்தான். முதலில் புகழுரை வந்தது, பின்பு கெஞ்சல், அதன் பின்பு மிரட்டல். வேற்றூரில் அவள் இரவு தங்கும் விடுதியின் பெயரையும் அவன் எழுதி அனுப்பிய அன்று, அவள் அறைக் கதவைத் தாழிட்டு, மேசையை அதன்மேல் சாய்த்துவிட்டு, எனக்குத் தொலைபேசியில் பேசினாள். மேலதிகாரியிடம் முறையிட்டதற்கு, வில்லை சீருடையின் ஒரு பகுதி, அதனைக் கழற்ற இயலாது என்ற விடையே முதலில் கிடைத்ததாம். நான் என் நன்றிக் கடிதத்தின் கதையைச் சொன்னேன். “சித்தப்பா, நீங்கள் நன்றி எழுதுவதற்கு ஒரு பெயரைக் கேட்டீர்கள். அவனும் அதே பெயரைத்தான் கேட்டான். எங்கள் மார்பில் உள்ள எழுத்துக்கு இருவரையும் பிரித்தறியத் தெரியாதே!” என்றாள். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

இவ்வினா புதியதன்று, ஆகாய விமானத்திற்கு முன்பே ரயிலில் எழுந்த வினா. அமெரிக்காவில் புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டிகளில் பணிபுரிந்தவர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். பயணிகள் அவர்கள் எல்லாரையும் “ஜார்ஜ்” என்றே அழைத்தனர். நிறுவனத்தின் முதலாளி ஜார்ஜ் புல்மன். அடிமையை ஆண்டவன் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது. தாய் இட்ட பெயரை வீட்டிலே விட்டுவிட்டுத்தான் அவர்கள் வேலைக்கு வர வேண்டியிருந்தது. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்பார் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டனர். 1937இல் நிறுவனம் அச்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. கூலியும் வேலை நேரமும் அப்போராட்டத்தின் பொருள்களாக இருந்தவாறே, மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்ற வேட்கையும் அதன் பொருளாக இருந்தது. தன் பெயரால் அழைக்கப்படுவது ஓர் உரிமை என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

இனி இதன் மறுபக்கத்தைக் காண்போம். 1930ஆம் ஆண்டு மே மாதம் எல்லன் சர்ச் என்ற செவிலியர் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். பயணிகளின் அச்சத்தைப் போக்கவும் உடல்நலக் குறைவைக் கவனிக்கவும் செவிலியரே ஏற்றவர் என்று கருதி, அவர் உட்பட எண்மரை அந்நிறுவனம் பணியில் அமர்த்தியது. பொறுப்பு மிக்க தொழிலாகத் தொடங்கிய இப்பணி நாளடைவில் கவர்ச்சிப் பொருளாக்கப்பட்டது. 1971இல் நேஷனல் ஏர்லைன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், பணிப்பெண்களின் படத்தையும் பெயரையும் போட்டு, தன்மீதே பறக்குமாறு ஒரு பெண் பயணியை அழைப்பது போன்ற இரட்டைப் பொருள் தொனிக்கும் விளம்பரங்களை வெளியிட்டது. பணிப்பெண்கள் சினந்தெழுந்து கண்டனம் செய்தனர். ரயிலிலே பெயரைப் பறித்தது இழிவு. இங்கே பெயரைக் கடைச்சரக்காக்கியது இழிவு. ஆகவே பெயரைச் சொல்வது பெருமையா, சிறுமையா என்பது பெயரைப் பொறுத்ததன்று. அதனை யார் தீர்மானிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பெயர் சொல்லவேண்டும் என்பார் மூன்று காரணங்களைக் காட்டுவர். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, பொறுப்பு. தவறு செய்தவர் மீது முறையிடவும், நன்மை செய்தவரைப் பாராட்டவும் பெயர் தேவை என்பது அவர்கள் வாதம். ஆனால் எந்த நாளில் எந்த விமானத்தில் யார் யார் பணிபுரிந்தனர் என்பது நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. நாளையும் விமான எண்ணையும் இருக்கை எண்ணையும் எழுதினால் போதும். உரியவரை அவர்களே அறிவர். 1829இல் லண்டன் மாநகரக் காவல்படை தோன்றியபோதே காவலரின் கழுத்துப்பட்டையில் எண் பொறிக்கப்பட்டது. நம் ஊர்ப் பேருந்து நடத்துநரும் எண் பொறித்த வில்லை அணிகிறார். பொறுப்பை நிலைநாட்ட எண் போதுமானது. இதனை முன்பே உணர்ந்திருந்தால் என் நன்றிக் கடிதமும் உரியவரைச் சென்று அடைந்திருக்கும்!

இரண்டாவது, பாதுகாப்பு. ஒருவரையொருவர் பெயரறிந்த குழு, இடர் வந்தபோது நன்றாக இயங்கும் என்பர். இது மெய். 1977இல் டெனெரீஃப் தீவில் இரு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். அத்தகைய விபத்துகளை ஆராய்ந்தவர்கள், குழுவில் இளையவரும் தயங்காமல் வாய்திறந்து பேசும் சூழல் வேண்டும் என்று கண்டனர். இன்று பறப்பதற்கு முன் பணிக்குழுவினர் கூடித் தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றனர். அன்றுதான் முதன்முதல் சந்திப்பவர்களும் அவர்களுள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆயின் இவை பணியாளர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர்கள் என்பதை மறத்தலாகாது. விமானம் தீப்பற்றிய வேளையில், வெளியேறுக என்று கட்டளையிடும் பெண்ணின் பெயர் நமக்குத் தேவையில்லை. அவள் சீருடையே போதுமான அதிகாரம்.

மூன்றாவது, பண்பு. இதுவே மூன்றனுள் வலிமை மிக்கது. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் புற்றுநோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது, தம்மிடம் வருவோர் பலர் பெயர் சொல்லாமலே சிகிச்சை செய்வதைக் கண்டு வருந்தினார். 2013இல், “வணக்கம், என் பெயர் இன்னது” என்று ஒவ்வொரு பணியாளரும் நோயாளியிடம் சொல்லவேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். 2016இல் அவர் மறைந்தார், இயக்கம் நிலைத்தது. அஞ்சுகின்றவனிடம் ஒருவர் தம் பெயரைச் சொல்லும்போது அவன் தனித்தவன் அல்லன் என்பதை உணர்கிறான். என் தாயாருக்கு அன்று அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லியிருந்தால், அது மற்றொரு மருந்தாக இருந்திருக்கும். ஆயினும் இங்கே தேவைப்படுவது ஒரு சிறு பெயர் மட்டுமே. குடும்பப் பெயரும் ஊர்ப் பெயரும் அல்ல. இணையத்திலே தேடி வீட்டு வாயிலை அடையத்தக்க முழுப் பெயரை அன்பு ஒருபோதும் கேட்பதில்லை.

தலைமை விமானியின் நிலை சற்றே வேறு. விமானத்தின் இறுதி அதிகாரமும் பொறுப்பும் அவருடையன. 2001ஆம் ஆண்டின் கொடுஞ்செயல்களுக்குப் பிறகு வலுவாக்கப்பட்டுப் பூட்டப்பட்ட கதவின் பின்னால் அவர் அமர்ந்திருக்கிறார். நாம் அவரைக் காண்பதில்லை. நம் உயிரை அவர் கையில் ஒப்புவித்திருக்கிறோம். ஆதலின் அவர் பெயர் அறிவிக்கப்படுவது முறையே. நடைவழியிலே பணிபுரிபவர் நிலை அத்தகையதன்று. அவர் பலமணி நேரம் நம் கண்முன்னே நிற்கிறார். விலகிச் செல்ல இடமின்றி நிற்கிறார்.

தமிழர் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்தனர் நம் முன்னோர். புறத்திணையிலே வீரனும் வள்ளலும் பெயர் சுட்டிப் பாடப்பெறுவர்; அன்பின் ஐந்திணையிலே தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயரை வெளியிடும் இடமும் உண்டு, மறைக்கும் இடமும் உண்டு என்ற நுட்பத்தை இலக்கணத்திலேயே அமைத்துவைத்தவர் நாம். சீருடை அணிந்த பெண்ணின் பணி புறம். அவள் வீடும் விலாசமும் அகம். முழுப் பெயர் இன்று இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கதவின் திறவுகோலாகிவிட்டது. அத்திறவுகோலை வழியிற் செல்வோர் அனைவர் கண்ணிலும் படும்படி மார்பில் தொங்கவிடச் சொல்லுதல் தகுமா?

ஆகவே என் முடிவு இது. பொறுப்புக்கு எண் இருக்கட்டும். அது கட்டாயமாகவே இருக்கட்டும். அழைப்பதற்கு ஒரு பெயர் இருக்கட்டும். அதனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பணியாளருக்கு இருக்கட்டும். முழுப் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும். பயணச் சீட்டின் விலையில் ஒருவர் பெயர் அடங்கியதன்று. அவர் விரும்பித் தந்தால் அது நமக்குக் கிடைத்த பரிசு.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை விமானத்தில் பயணம் செய்வீர்கள். சிலர் அங்கே பணியும் புரிவீர்கள். பெயரைச் சொன்னவரை அப்பெயரால் மதிப்போடு அழையுங்கள். சொல்லாதவரைத் துருவிக் கேளாதீர்கள். கடிதம் எழுத நேர்ந்தால் நாளையும் விமான எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தமையனார் மகள் இன்றும் பறக்கிறாள். அவள் வில்லையில் இப்போது ஒரே ஒரு பெயர் இருக்கிறது. பாட்டி அவளைச் செல்லமாக அழைத்த பெயர். உலகத்தில் எந்த ஏட்டிலும் அதைத் தேடிக் காண முடியாது. “அந்தப் பெயரால் பயணிகள் அழைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது, சித்தப்பா. அதை நானே கொடுத்தேன் அல்லவா?” என்கிறாள்.