‘ஸாஇகா’: இடியா, தண்டனையா?

சென்னை கே.கே. நகரில் ஐப்பசி மழை இடி மின்னலுடன் பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் அமர்ந்திருந்தோம். மாணவர் ஒருவர் வினவினார்: “ஹஜ்ரத், ஆது சமூகத்தார் அழிந்தது இடியாலா, காற்றாலா? தமிழாக்கத்தில் இரண்டும் காணப்படுகின்றனவே!” அவ்வையத்தின் வேர் ஒரே சொல்லில் இருப்பதைக் கண்டோம்.

வானின் இந்நிகழ்ச்சிக்கு அரபியில் மூன்று சொற்கள் உள்ளன. கண் காணும் ஒளி ‘பர்க்’. செவி கேட்கும் முழக்கம் ‘ரஃது’. இறங்கித் தாக்குவது ‘ஸாஇகா’. திருக்குர்ஆனின் 2:19ஆம் வசனம் மூன்றையும் ஒருங்கே ஆள்கிறது. தமிழிலோ முழங்குவதும் இடி, விழுவதும் இடி.

‘பர்க்’ அச்சமும் ஆவலும் ஊட்டும் இறை அத்தாட்சி (30:24). அதன் வேர்வினை, மறுமை நாளில் பார்வை மருளுவதைக் குறிக்கிறது (75:7). இக்கால அரபியில் தந்திக்கு ‘பர்க்கிய்யா’ என்று பெயர்.

‘ஸாஇகா’வின் நேர்ப்பொருளை 13:13ஆம் வசனத்தில் காணலாம். ஆனால், தூர் மலையில் நபி மூஸா (அலை) அவர்கள் மூர்ச்சையுற்று விழுந்ததையும் (7:143), ஸூர் ஊதப்படும்போது படைப்புகள் வீழ்வதையும் (39:68) அதே வேர்ச்சொல்லே உணர்த்துகிறது. மரணம், வேதனை, நெருப்பு என இதற்குக் கூறப்படும் மூன்று பொருள்களும் அதன் விளைவுகளே என்பது இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ (ரஹ்) அவர்களின் விளக்கம்.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். 41:13ஆம் வசனம் ஆது, ஸமூது சமூகத்தாருக்கு நேர்ந்த ‘ஸாஇகா’வைக் கூறி எச்சரிக்கிறது. மூன்று வசனங்களுக்குப் பின், ஆது கூட்டத்தார் மீது கடுங்காற்று ஏவப்பட்டது எனக் காண்கிறோம். 69:6ஆம் வசனமும் அவ்வாறே கூறுகிறது. எனவே முன்னதில் அச்சொல் ‘மஜாஸ்’, அதாவது ஆகுபொருளில், வேரோடு வீழ்த்தும் தண்டனையைச் சுட்டுகிறது. முரண்பாடு வசனங்களில் இல்லை. எல்லா இடத்திலும் ‘இடி’ என்றே பெயர்த்த நம் பழக்கத்தில்தான் உள்ளது.

இதில் வேறோர் எச்சரிக்கையும் உண்டு. வயலில் மின்னல் தாக்கி மாண்ட ஏழை உழவரைக் குறித்து, “இறைவனின் தண்டனை” என்று எளிதில் சொல்லிவிடுவோரைக் கண்டிருக்கிறோம். தண்டனை என்னும் பொருள், தூதரை மறுத்த சமூகத்தாரைப் பற்றிய வசனங்களில் இறைவனே அறிவித்தது. அதை ஓர் உழவரின் ஜனாஸாவின் மீது ஏற்றிவைக்க நாம் யார்?